ஏழு கிலோவுக்குள் ஒரு வெளிச்சம்

மெல்பேர்னில், ரோவிலில் வசந்தினியைத் தெரியாத தமிழ் வீடு குறைவு. முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கன்ரீனில் ரோல் பொரிப்பாள். யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய்க் குசினிக்குள் நின்று, கடைசி ஆளாக வெளியே வருவாள். ஆனால் அவளுடைய முழு முகமும் தெரிகிற ஒரு படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் ஒருவரிடமும் இருக்காது. யாராவது போனைத் தூக்கினால் போதும், அவளது வலது கை தானாகத் தாடைக்குப் போய்விடும். ஏதோ பெரிதாக யோசிக்கிற ஆள் மாதிரி இருக்கும். எட்டு வருடமாக எல்லாப் படங்களிலும் வசந்தினி யோசித்துக்கொண்டே இருக்கிறாள்.

வாயின் இடது கோணத்தில் ஒரு பொட்டாகத்தான் அது தொடங்கியது. பிறகு கீழுதட்டைச் சுற்றி, தாடையில் இறங்கி, கன்னத்தில் ஒரு துண்டாக நின்றது. வெண்புள்ளி. மற்றவருக்கு ஒட்டாது, நோகாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று வைத்தியர் ஆறுதலாகச் சொன்னார். அதை அவளுக்குச் சொல்லி என்ன பலன்? கோயிலில் அவள் நீட்டிய பிரசாதத்தை வாங்கி, வாயில் போடாமல் கைப்பைக்குள் வைக்கிற அன்ரிமாருக்கல்லவா அதைச் சொல்லியிருக்க வேண்டும்!

ஐந்து வருடத்துக்கு முதல் சிட்னியில் அவளுடைய சின்னம்மா சிவசோதியின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஆலத்தி எடுக்கிற பெண்களில் ஒருத்தி வசந்தினி என்று பேச்சு. பட்டுடுத்தி, பூ வைத்து, தட்டைத் தூக்குகிற நேரத்தில் சின்னம்மா வந்து தோளில் கை வைத்தார். "பிள்ளை, உள்ளுக்கை பலகாரத்துக்கு ஆள் காணாது. உன்னை மாதிரிப் பொறுப்பான ஆள் ஆர் இருக்கினம்? நீ அதைப் பார்" என்றார். குரலில் பாசம் சொட்டியது. பாசமாகச் சொல்வதை எப்படி மறுப்பது? வசந்தினி தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்தக் கல்யாண வீடியோ மூன்று மணித்தியாலம் ஓடும். அதில் அவள் ஓர் இடத்தில்தான் வருகிறாள், அதுவும் முழங்கையும் இரண்டு காப்பும் மட்டும்.

இப்போது அவளுடைய ஒரே தம்பி ஆரூரனுக்குக் கல்யாணம். படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, விசாவுக்குக் காத்துக் காத்து, மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தெட்டு. சிட்னி ஹோம்புஷில் இரண்டு அறை வீடு, தர்சினி என்று ஒரு நல்ல பிள்ளை. நாள் வைத்த அன்றே அவன் அக்காவுக்குப் போன் எடுத்தான். "அக்கா, நீதான் தோழி. விளக்குப் பிடிக்கிறது நீதான். சொல்லிப்போட்டன்" என்றான்.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டும்போது மணமகனின் சகோதரி தோழியாக மணமகளுக்குப் பின்னால் விளக்கோடு நிற்பாள். கல்யாணத்தின் ஆகப் பெரிய படம் அதுதான். வீட்டுச் சுவரில் பெருப்பித்து மாட்டுவதும் அதைத்தான். வசந்தினி போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். சந்தோஷம் ஒரு நிமிடம்தான் இருந்தது. சின்னம்மா இந்தமுறையும் வந்து தோளில் கை வைத்தால் என்ன செய்வது?

அப்போதுதான் தோல் வைத்தியர் ஒரு புற ஊதாக் கதிர் லைட்டை எழுதிக் கொடுத்தார். டிவி ரிமோட் அளவில் ஒரு கருவி, உள்ளே பற்றரி, கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடி. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெள்ளைத் துண்டுகளில் அதைப் பிடிக்க வேண்டும். நேரம் முடிந்தால் தானாகவே கூவி நிற்கும். "தவறவிட்டால் தவறவிட்டதுதான், அடுத்த முறை கூட்டிப் பிடிக்கக் கூடாது, குறைத்துத்தான் பிடிக்க வேண்டும்" என்று வைத்தியர் திருப்பித் திருப்பிச் சொன்னார். வசந்தினி தலையாட்டினாள். நாலு மாதம் சாமி கும்பிடுகிற ஒழுங்கோடு பிடித்தாள். பிடித்ததற்குப் பலனும் கிடைத்தது. தாடை வெள்ளைக்குள் மிளகு தூவியது போலச் சின்னச் சின்ன மண்ணிறப் புள்ளிகள் வந்தன. அவற்றைக் கண்ட அன்று கணவர் விஜயரத்தினத்தைக் குளியலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து பார்த்து, "ஓம், ஏதோ இருக்குத்தான்" என்றார். அந்த மனுசனிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே அவள் அடுக்கத் தொடங்கிவிட்டாள். அடுக்குவது எப்படி என்று காட்டுகிற வீடியோக்களில் பார்க்காதது பாக்கியில்லை. பளிங்கு மாதிரி முகம் கொண்ட பெட்டைகள் விரல் அளவு ஆவி பிடிக்கிற கருவி, மடிக்கிற முகமூடி லைட், முகம் உருட்டுகிற மெஷின் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சின்னப் பைக்குள் திணித்து, சிப்பை இழுத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்த முகங்களில் ஒன்றுக்காவது ஒரு மருவாவது இருந்ததா என்றால் இல்லை. ஆனாலும் வசந்தினி அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டாள். லைட்டைச் சுற்ற ஒரு மென்துணி, கிறீம்களைச் சின்னக் குப்பிகளுக்கு மாற்றுவது, சார்ஜருக்கும் கண்ணாடிக்கும் தனி உறை. பற்றரிச் சாமானைக் கையில் கொண்டுபோகிற பையில்தான் வைக்க வேண்டும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. பெரிய பெட்டிக்குள் கூறைச் சாமானும் சேலைகளும் முட்டிவிட்டன. கைப்பைக்கு ஏழு கிலோதான். குளியலறைத் தராசில் தானும் ஏறி, பையோடும் ஏறிக் கழித்துப் பார்த்தாள். ஐந்துக்குக் கொஞ்சம் கூட. அன்று நிம்மதியாகப் படுத்தாள்.

அந்த மிச்ச இடம்தான் அவளுக்கு வினையாக வந்தது.

எங்கள் சனத்தில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்று தெரிந்தால் அவரைப் பயணி என்று யாரும் நினைப்பதில்லை. தபால் வண்டி என்றுதான் நினைப்பார்கள். வெளிக்கிடுகிற செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் அருந்தவன் அங்கிள் நின்றார். கையில் வறுத்த மிளகாய்த்தூள், ஒரு தகர டப்பா நிறையப் பயத்தம் உருண்டை. சிட்னியில், ஸ்ட்ராத்பீல்டில் இருக்கிற மகளுக்காம்.

"பிள்ளை, பாரம் ஒண்டும் இல்லை. ஒரு மூலையில வையும். மகள் பிள்ளைத்தாச்சி, வாய்க்கு ஒண்டும் பிடிக்குதில்லையாம்."

"அங்கிள், கைப்பை மட்டும்தான் இருக்கு. ஏழு கிலோ..."

"எல்லாம் பாத்துக் கீத்து விடுவாங்கள். நீர் சொன்னா ஆர் மறிப்பினம்?"

பிள்ளைத்தாச்சி என்று சொன்ன பிறகு எப்படி மாட்டேன் என்பது? அவர் போன கையோடு பின்வீட்டு அன்ரி எலுமிச்சை ஊறுகாயைக் கொண்டுவந்து, அது தண்ணீர்ச் சாமான், மேலே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தானே முடிவுகட்டி, திரும்பிப் போய்ப் பனங்கிழங்கு ஒடியல் மாவோடு வந்தார். வசந்தினி தராசில் ஏறி இறங்கினாள். ஏழைத் தாண்டிவிட்டது. எதை எடுப்பது? உருண்டையை எடுத்தால் அங்கிள் கேட்பார், மாவை எடுத்தால் அன்ரி கேட்பார். கேட்க ஆளில்லாத சாமான் அவளுடையது மட்டும்தான். முதலில் கிறீம்கள் போயின. அதுவும் காணாமல், கல்லு மாதிரிக் கனத்த சார்ஜர் போனது. லைட் முழுச் சார்ஜில் இருக்கிறது, கல்யாணத்துக்குச் சனிக்கிழமை இவர் வரும்போது கொண்டுவரட்டும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்தினாள். லைட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் நடுவில் வைத்து, உருண்டை டப்பாவை அதன்மேல் வைத்து அமுக்கி, சிப்பை இழுத்தாள்.

விமான நிலையத்தில் ஒருவரும் பையை நிறுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆத்திரம் வரும்.

ஹோம்புஷில் தம்பியின் வீட்டுக்கு வந்து, மறுநாள் லைட் பிடிக்கிற நாள் என்று பையைத் திறந்தாள். துணியைப் பிரித்து, லைட்டை எரிக்கிற ஆளியை அமத்தினாள். ஒன்றுமில்லை. திரும்ப அமத்தினாள். பிறகுதான் விளங்கியது. உருண்டை டப்பாவின் விளிம்பு ஆளியின் மேல் இருந்து அமத்த, லைட் பைக்குள்ளேயே எரிந்து நின்று, எரிந்து நின்று, பற்றரியைக் குடித்துத் தீர்த்துவிட்டது. மெல்பேர்னிலிருந்து சிட்னி வரை அருந்தவன் அங்கிளின் மிளகாய்த்தூளுக்கு வைத்தியம் நடந்திருக்கிறது!

அவள் குளியலறைத் தரையில் அப்படியே குந்திவிட்டாள். ஆரூரன் வேலை முடிந்து வந்து, அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கினான். அதன் வட்டத் துளைக்கு ஏற்ற சார்ஜர் எங்கேயும் இல்லை.

"விடு அக்கா. ரெண்டு நாள் பிடிக்காட்டி என்ன வந்தது?" என்றான்.

ஆம்பிளைக்கு அது ரெண்டு நாள்தான். விஜயரத்தினத்துக்குப் போன் எடுத்தாள். அவர் தபாலில் போட்டால் எப்ப வருமோ தெரியாது, சனி மத்தியானம் நானே கொண்டுவாறன், மறக்கமாட்டன் என்று சத்தியம் பண்ணினார். புதன் போனது. வெள்ளியும் போனது. ஒவ்வொரு முறை கண்ணாடி பார்க்கும்போதும் மண்ணிறப் புள்ளிகள் கரைந்துகொண்டு போவதாகவே அவளுக்குப் பட்டது. இரண்டு நாளில் எங்கே கரையப் போகிறது? ஆனால் பயந்தவள் கண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா!

வெள்ளிக்கிழமை சிவசோதி சின்னம்மா பலகாரம் சுட வந்தார். கதிரையில் இருந்து வசந்தினியின் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"களைச்சுப் போனாய் பிள்ளை. ஞாயிறு கனநேரம் மேடையில நிக்கவேணும். உன்னால ஏலுமோ?"

"ஏலும் சின்னம்மா."

"இல்லை, ஏலாட்டிச் சொல்லு. நிரூபா நிக்கிறாள்தானே. அவளும் அவனுக்குத் தங்கச்சி முறைதான்."

நிரூபா சின்னம்மாவின் இளைய மகள், மாசு மறுவில்லாத முகம். சின்னம்மா உண்மையிலேயே களைப்பைத்தான் நினைத்துக் கேட்டாரோ என்னவோ. வசந்தினிக்குத் தோளில் கை விழுந்தது மாதிரி இருந்தது. சீனிப்பாகு கையில் பட்டுச் சுட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை விஜயரத்தினம் வந்து சேர்ந்தார். சார்ஜரும் வந்தது. "மறக்கேல்லைப் பாத்தீரோ!" என்று அவர் அதை வெற்றிக் கிண்ணம் மாதிரித் தூக்கிக் காட்டினார். வசந்தினி பறித்துக்கொண்டு ஓடினாள். லைட் சார்ஜ் ஏறும் வரைக்கும் பக்கத்திலேயே இருந்தாள். மற்ற ஆட்கள் எல்லோரும் வெளியே மணவறைக்குப் பூ மாலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் வெளிச்சம் குளியலறை ஜன்னலால் விழுந்தது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாடையில் பிடித்தாள். கூவி நின்றது. வைத்தியர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. தெளிவாகவே நினைவில் இருந்தது. ஆனால் வைத்தியருக்குச் சின்னம்மாவைத் தெரியாது. புதன்கிழமைக்கென்று ஒரு தரம் பிடித்தாள். வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு தரம் பிடித்தாள். நாளைக்கு நல்லாய் இருக்கட்டும் என்று இன்னும் ஒரு தரம் பிடித்தாள். தவணைக் கடனைச் சேர்த்துக் கட்டி முடித்தவள் போலக் கண்ணாடியைக் கழற்றினாள்.

பின்னேரம் முகம் இளஞ்சூடாக இருந்தது. வேலை செய்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

விடிய எழும்பியபோது கீழுதடு தன்னுடையது போல இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். தாடையும் கன்னமும் செக்கச்செவேல் என்று வீங்கி, வாய்க்கோணத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. வெள்ளையைக் காணவில்லை. மிளகுப் புள்ளிகளையும் காணவில்லை. தண்ணீரை அள்ளி அடித்தாள். தண்ணீர் பட்ட இடம் நெருப்பாக எரிந்தது. "ஐயோ, என்னடி செய்துபோட்டாய்!" என்று தன்னைத்தானே கேட்டாள். கேட்டு என்ன, செய்தது செய்ததுதான்.

முகம் அலங்கரிக்க வந்த பெட்டை பெட்டியைத் திறந்தவள் அப்படியே மூடினாள். "அன்ரி, ஸ்கின் ஓப்பினா இருக்கு. இதுக்கு மேல ஒண்டும் பூசேலாது. இன்பெக்ஷன் வந்திடும்."

"கொஞ்சமாப் பூசும் பிள்ளை. வெளியில தெரியாமல்."

"சொறி அன்ரி" என்றாள் அவள். அவளுக்கும் அழுகை வரும் போல இருந்தது.

விஜயரத்தினம் பக்கத்தில் நின்று ஐஸ் கட்டியைக் கைலேஞ்சியில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சார்ஜரை மறந்துபோட்டு வந்திருந்தால் நல்லாய் இருந்திருக்கும் என்றார் கடைசியாக. முப்பது வருடத்தில் அந்த மனுசன் ஒரு சாமானை மறக்காமல் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை.

மண்டபத்தில் மணமகள் அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். தர்சினி கூறைக்கு முந்திய சேலையில், பாதி நகையோடு இருந்தாள். வசந்தினியைக் கண்டதும் எழும்பி வந்து இரண்டு கையையும் பிடித்தாள்.

"மச்சாள், என்ன இது? ஆர் இப்படிச் செய்தது?"

வசந்தினி லைட் கதையைச் சொன்னாள். ஏன் பிடித்தாள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

தர்சினி அவளைக் கதிரையில் இருத்தினாள். பிறகு, "நான் மேக்கப் கேர்ளுக்குப் போன மாசமே சொன்னனான், மச்சாளின்ர முகத்தில வெள்ளையை மறைக்கவேண்டாம், இருக்கிறபடி விடும் எண்டு. சின்னம்மாவும் ஓம் எண்டவ. எனக்கு அது வடிவாத்தான் தெரிஞ்சது. நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும். உங்களுக்கு அது இவ்வளவு பெரிசெண்டு எனக்குத் தெரியாது, மச்சாள்" என்றாள்.

போன மாதமே! ஒருவரும் வசந்தினியை அந்த மேடையிலிருந்து இறக்கப் பார்க்கவில்லை. ஒருவரும் கேட்காத முகத்துக்காக அவள் தன் முகத்தைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முதல் வாங்கிய அடிக்கு இன்றைக்குக் கை தூக்கித் தடுத்திருக்கிறாள். யாரை நோவது? கோபிக்க ஓர் ஆள் இருந்தாலாவது மனம் ஆறும். சின்னம்மாவைக்கூடக் கோபிக்க வழியில்லை.

ஆரூரன் தலைப்பாகையோடு வாசலில் வந்து நின்றான். "அக்கா, ஏலாட்டி நிரூபாவைப் பிடிக்கச் சொல்லட்டோ? நெருப்புச் சூட்டுக்குக் கிட்ட நிண்டா இன்னும் எரியுமே."

அவன் கண்ணில் பயம்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. இந்தமுறை உண்மையாகவே பாசம். அதற்காக விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

"நான் பிடிக்கிறன்" என்றாள்.

மண்டபத்துக்காரர் நெருப்பு அலாரம் அடிக்கும் என்று சொல்லியிருந்ததால் ஐயர் ஓமத்தைச் சின்னதாகத்தான் வளர்த்திருந்தார். விளக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐந்து திரி, நிறைய எண்ணெய். வசந்தினி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தர்சினியின் பின்னால் நின்றாள். விளக்கின் சூடு நேராக மேலே எழும்பி அவள் தாடையைப் பிடித்தது. முதலில் பல்லைக் கடித்தாள். ஐயர் இன்னும் மந்திரத்தை முடிக்கவில்லை. விளக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "பிள்ளை, கிட்டப் பிடியும், வெளிச்சம் விழவேணும்" என்றார் ஐயர். கிட்டப் பிடித்தாள்.

கெட்டிமேளம் முழங்கியது. ஆரூரன் தாலியை எடுத்துக் கட்டக் குனிந்தான். அவன் பிடரியில் வியர்வை ஓடுவதை அவள் பார்த்தாள். அம்மா இல்லாத வீட்டில் அந்தத் தலையை இழுத்துச் சீவிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். இந்த ஒரு நிமிடத்தை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருந்தாள்! எரிவில் கண் முட்டி, தம்பியும் தாலியும் கலங்கிப் போயின. கண்ணீர் கன்னத்தால் வழிந்தது. உப்புத் தண்ணீர் கொப்புளத்தில் இறங்க, இன்னும் எரிந்தது, இன்னும் வழிந்தது.

"பாருங்கோவன், தமக்கையின்ர பாசத்தை" என்று கீழே ஓர் அன்ரி சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் நாலு பேர் அழத் தொடங்கினார்கள்.

சிவசோதி சின்னம்மாவும் அழுதார். அழுதுகொண்டே எழும்பி, வீடியோக்காரப் பெடியனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, அங்கை நிண்டு என்ன செய்யிறீர்? மேல ஏறும். அவவின்ர முகத்தை எடும். கிட்டப் போய் எடும்!"

கமராக்காரன் மேடையில் ஏறி, தாலி கட்டுகிறவனைச் சுற்றிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்தான். கமராவின் கண்ணாடி வில்லை அவள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது. வசந்தினியின் வலது கை வழக்கம் போலத் தாடைக்குப் போகப் பார்த்தது. போக முடியவில்லை. இரண்டு கையும் விளக்கில் இருந்தன.